அந்த ஆடு அப்போது கறந்ததா?

அளவற்ற அருளாளன் பெயரால் தொடங்குகிறேன்.

பிரஸ்ஸல்ஸில் வாழும் என் மரியாதைக்குரிய நானா அப்துன்னபி அவர்களுக்கு, ஐன் ரும்மானிலிருந்து தங்கை மஹ்ஜூபா எழுதுவது. உங்கள் மேலும் மதினி மேலும் பிள்ளைகள் மேலும் ஸலாம் உண்டாகட்டும். உங்கள் முழங்கால் வலிக்காக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் துஆ கேட்கிறேன். எந்தக் கால் என்று நீங்கள் சொல்லாததால் இரண்டுக்கும் சேர்த்தே கேட்டு வருகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதினால் பொய் சொன்ன பாவம் சேரும் என்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் கேள்வியை முடிப்பதற்குள் நீங்கள் "ஆமாம்மா, ஆமாம்மா, நீ சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிடுகிறீர்கள். அது உங்கள் அன்பு. போன வருஷம் கூரை ஒழுகுகிறது என்றேன், அதற்கும் சரிதான் என்றீர்கள். இந்தத் தடவை எனக்கு அந்த ஆமாம் வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து, யோசித்து, உங்கள் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பள்ளிவாசல் இமாம் ஸி அல்லாலும் போன் குரலை ஏற்க மாட்டேன், காகிதம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கேள்வி இதுதான்: நமக்குச் சிறு வயதில் ஒரு வெள்ளாடு இருந்ததே, காது கிழிந்தது, நீங்கள்தானே மேய்த்தீர்கள், நம் தங்கை யாம்னா பிறந்த வருஷம் ஒலிவம் பறிக்கிற காலத்தில் அந்த ஆடு கறந்துகொண்டிருந்ததா, வற்றியிருந்ததா? சிரிக்காதீர்கள். நம் வீட்டுக்கு எதிரே உள்ள பூங்கா உங்கள் பதிலை நம்பித்தான் நிற்கிறது. யாம்னாவின் வாழ்க்கையும் அதே ஆட்டின் மடியில்தான் தொங்குகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். நகரசபை ஊருக்குப் புது வரைபடம் போட்டது. பழைய வரைபடத்தில் நம் பூங்கா பச்சை நிறம். புதியதில் ஆரஞ்சு. பச்சை என்றால் மரம், ஆரஞ்சு என்றால் நாலு மாடிக் குடியிருப்பு. இப்படி மாற்றப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் வந்து எழுதுங்கள் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. ஒட்டிய இடம் நகரசபை நடைவழியில், தீயணைக்கும் சிவப்புக் குடுவைக்குப் பின்னால். கட்டடம் தீப்பிடித்து யாராவது குடுவையைத் தூக்கினால்தான் ஊர் அதைப் படிக்க முடியும். என் வீட்டுக்காரர் ஜிலாலி பென்ஷன் விஷயமாகப் போனவர், வரிசையில் நின்று கால் கடுத்து அந்தக் குடுவைமேல் சாய்ந்தார். அது கழன்று அவர் பாதத்தில் விழுந்தது. அப்படித்தான் எங்களுக்கு விஷயம் தெரிய வந்தது. அவர் இன்னும் நொண்டுகிறார்; பூங்காவுக்காக முதலில் இரத்தம் சிந்தியவன் நான்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காலைக் காட்டுகிறார்.

அந்தப் பூங்கா என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மஃரிப் வரை பெண்கள் மூச்சு விடுகிற இடம் அது ஒன்றுதான். ஆண்களுக்குக் காப்பிக் கடைகள் இருக்கின்றன, தெருவுக்கு மூன்று. எங்களுக்கு அந்த நாரத்தை மரங்களும் நாலு சிமெண்டு பெஞ்சுகளும்தான். பூக்காலத்தில் கீழே துணி விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்துத்தான் இந்தத் தெரு முழுக்கப் பூநீர் வடிக்கிறது. கல்யாணக் கூடாரமும் அங்கேதான், மௌத் வீட்டுக் கூடாரமும் அங்கேதான். நம் உம்மாவுக்கு விரித்த கூடாரத்தின் கயிற்றை எந்த மரத்தில் கட்டினோம் என்று உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மரத்தடியில் இனி யாரோ ஒருவருடைய கழிவறைக் குழாய் இறங்கப் போகிறது.

உடனே கமிட்டி போட்டோம். தலைவர் ஹாஜி பூஅஸ்ஸா, பழைய பஸ் டிரைவர். அவர் கூட்டம் நடத்துகிற விதமே தனி. பேச எழுந்தவர்களை எல்லாம் உள்ளே போங்க, பின்னாடி போங்க, வழியில நிக்காதீங்க என்று சொல்லியே பாதிக் கூட்டத்தைச் சுவரோடு அப்பிவிடுவார். ஆட்சேபம் எழுதத் தெருவையே கூட்டிக்கொண்டு நகரசபைக்குப் போனார். எழுதினார்கள், நானா, நன்றாக எழுதினார்கள். ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினார். இன்னொருவர் பக்கத்து வீட்டுச் சேவல் ஃபஜ்ருக்கு முன்னாலேயே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுதினார். ஜிலாலி நாலு பக்கம் எழுதினார், நாலும் பென்ஷன். ஹம்மாம் குளியல்கூடம் வைத்திருக்கிறாரே அவர் மட்டும்தான் விஷயத்தைத் தொட்டார்: "பூங்காவில் குடியிருப்பு கட்டவே கூடாது. கட்டினால் கீழ்த்தளம் எனக்கு." எழுதி முடித்துத் திரும்பினால், எதிர் ஜன்னலில் அந்தக் குடியிருப்புக்குப் பெயர் பதிகிறார்கள். வந்த சனம் அப்படியே நகர்ந்து அந்த வரிசையிலும் நின்றது. ஹாஜி பூஅஸ்ஸாவே இளைய மகனுக்காக நின்றார். கேட்டதற்கு, போராட்டம் நமக்கு, வீடு பிள்ளைக்கு, இதுல என்ன குழப்பம் என்றார். நான் பதியவில்லை. என் பெயரில் ஜிலாலி பதிந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்படிப்பட்ட சேனையை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நகரசபைத் தலைவர் ஸி தைபி நல்ல மனிதர், பெண்சாதி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, யாரிடமும் வாங்கித் தின்னாதவர் என்று பெயர். ஆனால் துணைத் தலைவர் மெக்கியும் அவன் ஆட்களும் கட்டடம் கட்டியே ஆக வேண்டும் என்று நின்றார்கள். ஸி தைபி எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை, அவர் வாயைத் திறக்கவே இல்லை. நான் மரியாதைக்கு ஒரு கூம்புச் சர்க்கரையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை என்று சொல்லி, சர்க்கரையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை வரவில் வைப்பதா செலவில் வைப்பதா என்று தெரியாமல் என் வீட்டுக் கணக்கு நோட்டில் அன்றைய கணக்கு இன்னும் முடியாமல் கிடக்கிறது.

அன்று இரவு இஷா தொழுது விரிப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான், நானா, அந்த ஞாபகம் வந்தது. அல்லாஹ்தான் போட்டான் என்று அப்போது நினைத்தேன். யாம்னா கைக்குழந்தையாக இருந்தபோது, ஒலிவம் பறிக்கிற காலத்தில், ஸி தைபியின் உம்மாவுக்குக் கடும் ஜுரம் வந்து, கைக்குழந்தையான அவரை நம் உம்மா தூக்கி வந்து சில நாள் வைத்திருந்தாள் அல்லவா. எனக்கு அப்போது ஐந்து வயது. உம்மா சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு பக்கம் யாம்னாவின் தலை, மறுபக்கம் சிவப்புத் தொப்பி போட்ட இன்னொரு தலை, இரண்டும் பால் குடிக்கின்றன. என் கண்ணில் அப்படியே நிற்கிறது. ஒரே மார்பில் பால் குடித்தவர்கள் மார்க்கப்படி உடன்பிறப்பு; அப்படியானால் ஊர்த் தலைவர் நமக்குப் பால் தம்பி. பால் கொடுத்தவளின் வீட்டார் கேட்டால் இல்லை என்று சொல்ல நம் பக்கத்தில் எந்த ஆம்பிளைக்கும் வாய் வராது. நான் யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் சொன்னால் மெக்கியின் காதுக்குப் போய்விடும் என்று யாம்னாவிடம்கூடச் சொல்லவில்லை. அங்கேதான் நாசம் ஆரம்பித்தது.

ஓட்டெடுப்பு நாளில் சபைக் கூடம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசைகளில் பெண்கள், யாம்னா என் பக்கத்தில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். பொதுமக்கள் பேசலாம் என்றதும் நான் எழுந்தேன். பிஸ்மி சொல்லிக்கொண்டேன். அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்துப் பேசுகிறேன் என்று ஆரம்பித்து, ஜுரம், தொப்பி எல்லாம் சொல்லி, கடைசியில் இப்படிக் கேட்டேன்: "தம்பி தைபி, எங்க உம்மா உனக்குக் கொடுத்த பாலுக்காகக் கேக்கிறேன். அந்த மரங்களை விட்டுடு."

பெண்கள் குலவை போட்டார்கள். ஹாஜி பூஅஸ்ஸா நாற்காலிமேல் ஏறிவிட்டார். ஸி தைபியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பாசத்தில் உருகுகிறார் என்று நினைத்தேன். யாம்னாவைப் பார்த்தேன், விதைப் பொட்டலம் மடியிலிருந்து சரிந்து கீழே கொட்டியிருந்தது, குனிந்து பொறுக்கக்கூட இல்லை. பெருமையில் வாயடைத்துப் போனாள் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் நினைத்த ஒன்றுகூடச் சரியில்லை.

குலவை அடங்கியதும் மெக்கி எழுந்தான். ரொம்ப மரியாதையாகப் பேசினான். மனு கொடுத்தவர்களில் ஒருவர் தலைவருக்குச் சகோதரி என்று இப்போதுதான் சபைக்குத் தெரிய வந்திருக்கிறது, அவர் வீடோ பூங்காவுக்கு நேர் எதிரே, சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தலைவர் ஓட்டுப் போட முடியாது, பால் உறவை நம் சட்டமே கல்யாணத்தில் உறவாக ஏற்றிருக்கிறது, ஆகவே அவர் கூடத்தை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்றான். அப்புறம் ஸி தைபியின் பக்கம் திரும்பி, "இல்ல, தலைவர் அந்த உறவை மறுக்கிறார்னா சொல்லட்டும், நான் உக்காந்துடறேன்" என்றான்.

ஸி தைபி எங்கள் வரிசையைப் பார்த்தார். என்னை அல்ல. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார், கடைசி வரைக்கும் கேட்டது: "மௌத்தாப் போன ஒரு உம்மாவோட பாலை இத்தனை பேர் முன்னால நான் எப்படிங்க மறுக்கிறது." கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஓட்டெடுத்தார்கள். ஒரு ஓட்டில் பூங்கா போயிற்று. அவர் உள்ளே இருந்து நம் பக்கம் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் தலைவர் இருக்கிற பக்கம்தான் ஜெயம். இதை எனக்கு விளக்கிச் சொன்னது ஹாஜி பூஅஸ்ஸா, படிக்கட்டில் வைத்து. அவர் திட்டவில்லை. "மஹ்ஜூபா, முப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்சிருக்கேன். பஸ்ஸ இவ்வளவு நேரா ஓட்டிக்கிட்டுப் போய் இவ்வளவு நேரா மரத்துல விட்டவங்கள நான் பாத்ததில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து யாம்னா அடுப்படியில் கொத்தமல்லி ஆய உட்கார்ந்தாள். ஆய்ந்துகொண்டே இருந்தாள், காம்பையும் விடவில்லை, இலையையும் விடவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போது சொன்னாள்.

"லாத்தா, நாளைக்கு அவர் வீட்டுலேர்ந்து பெரியவங்க வர்றதா இருந்துச்சு."

"யார் வீட்டுலேர்ந்து?"

"உன் தம்பி வீட்டுலேர்ந்து."

எனக்கு மண்டைக்குள் ஏறவே கொஞ்ச நேரம் ஆயிற்று. யாம்னா வேலை பார்க்கிற மருந்துக் கடைக்கு ஸி தைபி இரத்த அழுத்த மாத்திரை வாங்க வருவாராம். வந்து வந்து, ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் இரத்த அழுத்தம் வந்தாலும் தீராத அளவுக்கு வாங்கிவிட்டாராம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள், நடுவில் கண்ணாடி. வேறே ஆள் வந்தால் மாத்திரையின் பெயரைச் சொல்லிக்கொள்வார்களாம். மூன்று வருஷம், நானா. நாற்பத்தெட்டு வயசில் என் வீட்டுக்குள் ஒருத்தி இதை வைத்துக்கொண்டு எனக்கு மாவு பிசைந்து கொடுத்திருக்கிறாள்.

"நிக்காஹுக்கு மஹரா என்ன தரணும்னு கேட்டாரு," என்றாள். "தங்கம் எனக்கு எதுக்கு, எதிர்ல இருக்கிற பூங்காவ விட்டுடுங்கன்னேன். சரின்னாரு. ஓட்டு முடியட்டும், மறுநாள் வர்றோம்னாரு."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே நோட்டுல கல்யாணச் செலவுன்னு பக்கம் போட்டிருப்பே. சத்தம் போட்டுக் கூட்டுவே. தெருவுக்கே கேட்டிருக்கும்."

நான் கூட்டும்போது சத்தம் போடுகிறவள்தான், எழுத்தும் எண்ணும் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, வாயால் சொன்னால்தான் கையில் நிற்கும். நாம் இருவரும் அவளுக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்காத துஆ உண்டா, நானா. அல்லாஹ் கொடுத்தான். மரங்களையும் சேர்த்தே கொடுத்தான். இரண்டையும் என் ஒரு வாக்கியத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். யாம்னாவுக்குப் பால் கொடுத்த அதே மார்பு, அதே வருஷம். பால் தம்பியை நான் கட்டியிருக்க முடியாது என்றால் அவளும் கட்ட முடியாது.

மறுநாள் இமாம் ஸி அல்லாலிடம் ஓடினோம். நான், யாம்னா, நொண்டிக்கொண்டு ஜிலாலி. எத்தனை தடவை குடித்தால் உறவு என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிவிட்டு, நம் மத்ஹபின் சட்டப்படி ஒரு மிடறு போதும், தொண்டையைத் தாண்டினால் தாண்டியதுதான் என்றார். சந்தேகம் இருந்தாலும் தான் நிக்காஹ் ஓதப் போவதில்லை என்றார். அப்போதுதான் யாம்னா வாயைத் திறந்தாள். உம்மா இந்தக் கதையைத் தன்னிடமும் சொல்லியிருக்கிறாளாம், ஆனால் அதில் அந்தப் பிள்ளைக்குப் புட்டியில் ஆட்டுப் பால்தானாம், காது கிழிந்த ஆட்டின் பால். நான் சிவப்புத் தொப்பி என்கிறேன், அவள் புட்டி என்கிறாள். இருவரும் பள்ளிவாசல் முற்றத்தில் சண்டை போட்டோம், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஜிலாலி நடுவில் புகுந்து, ஆட்டுப் பாலாய் இருந்தால் என்ன என்று கேட்டார். "ஆட்டுப் பாலால உறவு வராதுப்பா," என்றார் இமாம். "வந்தா இந்த ஊர்ல யாரும் யாரையும் கட்ட முடியாது." பிறகு, அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தவர்களில் வேறு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டார். நம் உம்மா போய்விட்டாள், அவர் உம்மாவும் போய்விட்டாள். நீங்கள் ஒருவர்தான், நானா. உங்களுக்கு அப்போது பத்து வயசு, ஆடு உங்கள் பொறுப்பு. அது அப்போது கறந்திருந்தால் புட்டிக் கதை உண்மை, என் கண்ணில் நிற்பது வேறே ஏதோ பிள்ளை. அது வற்றியிருந்தால் என் தொப்பிதான் உண்மை.

நகரசபையில் உள்ள ஒரு நல்ல எழுத்தரிடமும் விசாரித்துவிட்டேன். வரைபடம் மாகாண அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே முத்திரை விழுவதற்கு முன், பால் உறவு இல்லை என்று கண்ணால் கண்டவர் கையெழுத்துப் போட்ட காகிதம் வந்தால், தலைவரை வெளியே அனுப்பியது தவறு என்று ஆகிவிடும், ஓட்டு மறுபடி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் மரங்கள் பிழைக்கும், யாம்னாவுக்கும் நிக்காஹ் நடக்கும். காகிதம் வராவிட்டாலோ, வந்து ஆடு வற்றியிருந்தது என்று சொன்னாலோ, இரண்டும் போகும். அதற்குள் அளவெடுக்கிறவர்கள் வந்து ஒவ்வொரு மரத்திலும் சிவப்புச் சாயத்தால் எண் போட்டுவிட்டார்கள். உம்மா கூடாரத்துக் கயிறு கட்டின மரத்துக்கும் போட்டிருக்கிறார்கள். நான் சாயங்காலம் போய் உட்கார்ந்தால் பெண்கள் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போகிறார்கள். தெருவுக்குப் பொதுவான அடுப்புக்கு ரொட்டி சுடக் கொண்டுபோனால், இந்த வாரம் யாருக்குப் பால் கொடுத்தீங்க என்று கேட்கிறார்கள். ஜிலாலி மட்டும் என்னோடு பேசுகிறார், பேசுவதெல்லாம் கால் வலியைப் பற்றித்தான்.

எனவே சீக்கிரம் எழுதுங்கள், நானா. எந்தப் பதில் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களைப் பொய் சொல்லத் தூண்டினால் மறுமையில் நான்தான் நிற்க வேண்டும். அந்த ஆடு நல்ல ஆடு என்று மட்டும் சொல்கிறேன், அது பொய்யில்லை, எல்லாருக்கும் தெரியும். வற்றிய ஆட்டை நம் வாப்பா வீட்டில் வைத்துத் தீனி போடுகிற ஆளா என்பதையும் நீங்களே யோசித்துப் பாருங்கள், நான் எதுவும் சொல்லவில்லை. கறந்தது என்றால் கறந்தது என்று எழுதுங்கள். வற்றியிருந்தது என்றால் அதையும் எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்கிறேன், யாம்னாவும் தாங்கிக்கொள்வாள், நாங்கள் தாங்கிப் பழகியவர்கள்தான். உண்மை எதுவோ அதை எழுதுங்கள். ஆனால் நன்றாக யோசித்து எழுதுங்கள்.

அல்லாஹ் உங்கள் ரிஜ்கில் பரக்கத் செய்வானாக. பெரியவனுக்கு நல்ல வேலையும், சின்னவளுக்கு நம் மொழியில் நாலு வார்த்தையும் கொடுப்பானாக. மதினியிடம் அவர் அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள். அந்தக் குளிர் நாட்டில் தொழுகையை விடாதீர்கள். இங்கே நம் வீட்டு வாசல் இன்னும் பச்சையைப் பார்த்துத்தான் இருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று அவனுக்குத்தான் தெரியும்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தங்கை மஹ்ஜூபா

பின்குறிப்பு: உறையில் உங்கள் விலாசத்தைப் பிரெஞ்சில் எழுதித் தர ஆள் கிடைக்காமல் இந்தக் கடிதம் அலமாரியிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் மாகாண அலுவலகத்தில் முத்திரை விழுந்துவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் இயந்திரம் வருமாம். ஹாஜி பூஅஸ்ஸா கமிட்டியைக் கலைத்துவிட்டார், இளைய மகனுக்கு மூன்றாம் மாடி கிடைக்கும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஸி தைபி நம் வீட்டுக்கு வந்தார். கதவைத் தட்டினார், உள்ளே வந்தார், லாத்தா என்று என்னைக் கூப்பிட்டு என் தலையில் முத்தம் வைத்தார். ஊரறிந்த தம்பி, யார் என்ன சொல்ல முடியும். குஸ்குஸ் சாப்பிட்டார். யாம்னா முக்காட்டைத் தேடி ஓடாமல் அப்படியே உட்கார்ந்து அவருக்குக் காய்கறியைத் தள்ளிவிட்டாள். அஸருக்குப் பிறகு இரண்டு பேரும் எதிரே போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், பட்டப்பகலில், நடுவில் கண்ணாடி இல்லாமல். போகிறவர்கள் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தினமும் உட்காருகிறார்கள். அப்படி என்னதான் பேசுவார்களோ, யாம்னா சிரிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் வருகிறது.

நேற்று அவளிடம், இந்தக் கடிதத்தை இனியாவது அனுப்பிவிடுகிறேன், பூங்கா போனால் போகட்டும், ஆடு கறந்தது என்று நானா எழுதிவிட்டால் நிக்காஹாவது நடக்கும் என்றேன். "என் மஹர்தான் ஆரஞ்சாயிடுச்சே லாத்தா," என்றாள். "வேற எதையாவது கேட்டு வாங்க எனக்கு மனசு வரல. அதோட, கட்டிக்கிட்டா அவர் சட்டையெல்லாம் நான் துவைக்கணும். தம்பி சட்டைய அவரே துவைச்சுப்பாரு. எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணும்னுதான் நெனச்சேன். வந்தாச்சு. நானாவ அந்த ஆட்டத் தேடிப் போக வேணாம்னு சொல்லு."

தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன், நானா. மேலே சீக்கிரம் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன், அதைப் படிக்காதது போல் இருந்துவிடுங்கள். உண்மையை மறைக்கச் சொல்ல நான் யார். எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்தபடிதான் கிடக்கிறேன். ஆனால் உங்கள் பதிலால் இனி ஒரு மரமும் பிழைக்கப் போவதில்லை. கறந்தது என்று வந்தால், அந்தப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து போக வேண்டி வரும், அவ்வளவுதான்.